தஹ்ரீருக்கு முன்னால் மஹல்லா

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் நிலாவாரைக்கு உலகச் சந்தையில் இரண்டு பெயர்கள் உண்டு. தூத்துக்குடியில் கப்பல் ஏறியது திருநெல்வேலிச் சரக்கு. சூடான் பக்கமிருந்து நைல் வழியாக வந்து ஏற்றுமதியானது அலெக்சாந்திரியாச் சரக்கு. பருத்தியிலும் அப்படியே. நம் கரிசல் பருத்தியை ‘டின்னவெல்லி’ என்று தனி ரகமாக வைத்தே லிவர்பூலில் விலை பேசினார்கள். எகிப்துப் பருத்திக்கு இழை நீளம் அதிகம், அதனால் விலையும் அதிகம். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றதும் இரண்டு சீமையிலும் பணம் புரண்டது. 1865-ல் போர் ஓய்ந்ததும் இரண்டிலும் விலை விழுந்தது. நம் பக்கம் அந்தச் சரிவில் நொடித்தவர்கள் வியாபாரிகளும் சம்சாரிகளும். எகிப்தில் அரசாங்கமே நொடித்துப்போனது.

எகிப்தின் மக்கள் கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதிபர் முபாரக்கை இறக்கிய 2011 எழுச்சியைப் பற்றித் தமிழில் நடந்த பேச்சில் பாதிக்கு மேல் ஃபேஸ்புக், ட்விட்டர், கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்துக் கூடாரங்கள் என்றே போய்விட்டது. 2017-ல் மெரினாவில் கூட்டம் கூடிய பிறகு அந்த ஒப்பீடு இன்னும் பெருத்தது. கூட்டத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கூட்டம் கூடிய பிறகு எது ஓடாமல் நின்றது, நைல் கழிமுகத்து நெசவு நகரமான மஹல்லாவின் ஆலையா, ரயிலா, கால்வாய் வேலையா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி வைத்திருந்தவன் எந்த நாளில் பக்கம் மாறினான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடனில் போன நாடு

1805-ல் கெய்ரோ நகரத்து மக்கள் ஓட்டோமான் ஆளுநரை எதிர்த்து எழுந்தார்கள். உலமாக்களும் கைவினைஞர்களும் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் உமர் மக்ரம். அவர்கள் ஆளுநர் நாற்காலியில் ஏற்றியது முகமது அலி என்ற படைத்தலைவரை. நான்கு வருஷத்தில், 1809-ல், முகமது அலி அதே உமர் மக்ரமை நகரை விட்டே வெளியேற்றித் தமியாத்துக்கு அனுப்பினார். மக்கள் எழுப்பிய அலையில் ஒரு படைக்காரர் ஏறுவதும், ஏறியதும் அலையை எழுப்பியவர்களை வெட்டிவிடுவதும் எகிப்தில் அதன் பிறகும் நடந்தது. உமர் மக்ரம் பெயரிலான பள்ளிவாசல் இன்று தஹ்ரீர் சதுக்கத்தை ஒட்டியே நிற்கிறது. 2011-ல் அங்கே கூடியவர்களில் எத்தனை பேர் அந்த வரலாற்றை யோசித்தார்களோ.

நீண்ட இழைப் பருத்தியை 1820-களில் நாடெங்கும் விதைக்க வைத்தவர் முகமது அலிதான். விளைந்ததை அரசே சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டது. வாய்க்கால் வெட்டுவதற்கு ஊர் ஊராக ஆட்களைக் கூலியில்லாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் பேரன் இஸ்மாயில் 1863-ல் பட்டத்துக்கு வந்தபோது பருத்தி விலை உச்சத்தில் இருந்தது. அந்த விலை நிலைக்கும் என்று நம்பி ரயில் பாதை, வாய்க்கால், மாளிகை, சூயஸ் கால்வாய் என்று எல்லாவற்றுக்கும் ஐரோப்பியச் சந்தையில் கடன் வாங்கினார். இரண்டு வருஷத்தில் விலை இறங்கியது, வட்டி இறங்கவில்லை. 1869 நவம்பர் 17-ல் கால்வாய் திறந்தது. ஆறே வருஷத்தில், 1875-ல், எகிப்தின் கையிலிருந்த 1,76,602 கால்வாய்ப் பங்குகளையும் பிரிட்டன் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட்டது. 1876-ல் கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து ஒரு கடன் ஆணையம் வைத்து, வரி வசூலில் நேரடியாகக் கைவைத்தார்கள். அப்போது மொத்தக் கடன் 9 கோடி பவுண்டு அளவில் இருந்தது.

கடன்காரன் கணக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் சம்பளத்தில்தான் கை வைப்பான். 1879-ல் 2,500 ராணுவ அதிகாரிகளுக்குப் பாதிச் சம்பளம் என்று உத்தரவு போனது. நாட்டின் எல்லாப் பிரிவினரிலும் ஆயுதம் வைத்திருந்த ஒரே பிரிவைச் சீண்டிய அந்த உத்தரவுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. அதிகாரிகள் அமைச்சரை வழிமறித்து அடித்தார்கள். அதே வருஷம் ஜூனில் இஸ்மாயிலின் பதவி போய், மகன் தவ்ஃபீக் வந்தார். படையில் மேல் பதவிகள் எல்லாம் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தாருக்கே என்று இருந்த நிலையில், கிராமத்துக் குடும்பத்தில் பிறந்த கர்னல் அகமது உராபி 1881 செப்டம்பர் 9-ல் படையோடு அப்தீன் அரண்மனை முன்னால் வந்து நின்றார். கோரிக்கை மூன்று: அமைச்சரவை விலக வேண்டும், மக்கள் மன்றத்தைக் கூட்ட வேண்டும், படையை 18,000 ஆக்க வேண்டும். மூன்றில் ஒன்று படைக்காரர்களின் சொந்தக் கோரிக்கை என்பதைக் கவனியுங்கள்.

உராபி தோற்றது வீரக் குறைவால் அன்று. கால்வாயை அடைத்திருந்தால் ஆங்கிலேயருக்கு அந்தப் பக்கம் வழியே இருந்திருக்காது. கால்வாய் நடுநிலையானது, அதை யாரும் போருக்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்று கால்வாயைக் கட்டிய லெசெப்ஸ் அடித்துச் சொன்னார். உராபி நம்பினார். 1882 ஜூலை 11-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டு போட்டுத் தகர்த்தன. ஆகஸ்டில் அதே கால்வாய்க்குள் நுழைந்து இஸ்மாயிலியாவில் படையை இறக்கினார்கள். செப்டம்பர் 13 விடியலில் தெல்-எல்-கபீரில் ஒரு மணி நேரம் போலத்தான் சண்டை நடந்தது. இரவோடு இரவாக நடந்து வந்த படையை எகிப்தியர்கள் கவனிக்கவில்லை. இந்தியாவிலிருந்து அனுப்பிய துருப்புகளும் அந்தப் போரில் இருந்தன, சென்னைச் சாப்பர்ஸ் பிரிவு உட்பட.

தோற்றவர்களை எங்கே அனுப்பினார்கள் என்பது நம் கடற்கரைக்காரர்களுக்கு நெருக்கமான விஷயம். உராபியும் கூட்டாளிகளுமாக ஏழு பேர் 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார்கள். இலங்கையில் ‘அராபி பாஷா’ என்றால் இன்றும் தெரியும்; கண்டியில் அவர் இருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீனக் கல்வி வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1892-ல் தொடங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றில் அவர் பெயர் உண்டு. தூத்துக்குடியிலிருந்து ஒரே இரவில் கப்பலில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், காயல்பட்டினத்து வியாபாரிகள் போய்வந்துகொண்டிருந்த தீவில், எகிப்தின் முதல் தேசியக் கிளர்ச்சியின் தலைவர் 18 வருஷம் இருந்தார். 1901-ல் ஊர் திரும்பினார். அடுத்த ஐந்து வருஷத்தில் அதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி வந்தது.

இரண்டு மார்ச் மாதங்கள்

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடிக் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தைவிடப் பெரிய வேலை, சம்பளமில்லாமல் நிற்கும் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு நிதி திரட்டியது. ஆலைக்கு ஆதரவானவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று சவரத் தொழிலாளிகள் சொன்னார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்து சம்பளம் கூட்டியது, ஞாயிறு விடுமுறைக்கு ஒப்பியது. மார்ச் 12-ல் தலைவர்கள் கைது. மறுநாள் நெல்லையில் கடைகள் அடைத்தன, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் தள்ளி கெய்ரோவுக்கு வாருங்கள்.

முதல் உலகப் போரில் எகிப்து பிரிட்டனின் பாதுகாப்பு நாடாக அறிவிக்கப்பட்டிருந்தது. படையின் தொழிலாளர் பிரிவுக்குக் கிராமங்களிலிருந்து ஆட்களைப் பிடித்தார்கள். ஒட்டகம், கழுதை, தீவனம் எல்லாவற்றையும் பறித்தார்கள். 1918 நவம்பர் 13-ல், போர் முடிந்து இரண்டே நாளில், சாத் ஸக்லூல் உள்ளிட்ட மூன்று பேர் பிரிட்டிஷ் உயர் ஆணையரைப் பார்த்து விடுதலை கேட்டார்கள். நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள் என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக ‘வஃப்து’, அதாவது தூதுக்குழு, என்று பெயர் வைத்துக்கொண்ட அவர்கள் ஒரு வாசகத்தை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ‘எங்கள் சார்பில் அமைதியான, சட்டப்படியான வழியில் விடுதலை கேட்க இவர்களுக்கு அதிகாரம் தருகிறோம்’ என்ற பொருள்பட எழுதிய அதிகாரப் பத்திரம் அது. நகரசபை உறுப்பினர், ஊர்த் தலைவர், வக்கீல் என்று கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவன் ஒவ்வொருவனும் விஷயத்தைத் தன் ஊரில் நாலு பேரிடம் விளக்க வேண்டியிருந்தது. கட்சி அமைப்பே இல்லாத நாட்டில் நான்கு மாதத்துக்குள் ஓர் அமைப்பு அப்படித்தான் முளைத்தது.

மார்ச் 8-ல் ஸக்லூலைக் கைது செய்து மால்டாவுக்கு ஏற்றினார்கள். மறுநாள், நெல்லையில் போலவே மறுநாள், சட்டக் கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள். அதன் பிறகு டிராம் நின்றது. பூலாக்கில் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை விட்டார்கள். மார்ச் 16-ல் ஹுதா ஷராவியும் மற்றப் பெண்களும் ஊர்வலம் போனார்கள். காப்டிக் பாதிரியார் செர்கியூஸ் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் மேடையிலேயே பேசினார். பிறையும் சிலுவையும் ஒன்றாக வரைந்த கொடி அந்த வருஷத்தது.

பிரிட்டனுக்கு வலித்த இடம் தண்டவாளம். நைல் கழிமுகம் சமவெளி, எங்கும் வாய்க்கால்கள், சாலைகள் மோசம். படையும் தபாலும் தானியமும் எல்லாம் ரயிலில்தான் போயாக வேண்டும். கிராமத்து ஆட்கள் இரவில் தண்டவாளத்தைக் கழற்றினார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள். கெய்ரோ பல நாட்கள் மற்ற ஊர்களிலிருந்து துண்டித்துக் கிடந்தது. இதற்குப் படைத்தரப்பு சொன்ன பதில், தண்டவாளம் அறுபட்ட இடத்துக்கு அருகிலுள்ள கிராமத்தைக் கொளுத்துவோம் என்பது. 1908 கலவரத்துக்குப் பிறகு நெல்லை, தூத்துக்குடி மக்கள் மேல் தண்டக் காவல் படையை வைத்து, அதன் செலவை வரியாக வசூலித்தது நினைவிருக்கும். செய்தவனைப் பிடிக்க முடியாதபோது ஊரையே தண்டிப்பது அந்த நிர்வாகத்தின் பொது வழக்கம்.

கழிமுகத்தில் ஸிஃப்தா என்ற சிறு நகரம் செய்தது இன்னும் விசேஷம். யூசுஃப் அல்-கிந்தி என்ற இளைஞர் தலைமையில் ஒரு குழு காவல் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் எடுத்துக்கொண்டு ஊர் தனி நாடு என்று அறிவித்தது. நன்கொடை வாங்கிப் பத்திரிகை அடித்தார்கள். வேலையில்லாதவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சதுப்புப் பள்ளங்களை மேடாக்கினார்கள். ஆஸ்திரேலியத் துருப்பு வரும்வரை அது ஓடியது.

ஏப்ரல் 7-ல் ஸக்லூலை விடுவித்தார்கள். 1922 பிப்ரவரி 28-ல் பிரிட்டன் எகிப்தை விடுதலை நாடு என்று தானாகவே அறிவித்தது. ஆனால் போக்குவரத்துப் பாதைகள், பாதுகாப்பு, அந்நியர்களும் சிறுபான்மையினரும், சூடான் ஆகிய நான்கு விஷயங்களையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. கால்வாயும் படையும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

மிச்சம் இருந்த ஒன்று ஆலை. 1920-ல் தலாத் ஹர்ப் 80,000 எகிப்தியப் பவுண்டு முதலில் பாங்க் மிஸ்ரைத் தொடங்கினார். பங்கு எகிப்தியருக்கு மட்டும். அந்த வங்கியின் பணத்தில் 1927-ல் மஹல்லா அல்-குப்ராவில் நூற்பு நெசவு ஆலை வந்தது. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி போட்டியிலும் சிறைத் தண்டனையிலும் மூழ்கிவிட்டது. தலாத் ஹர்ப்பின் ஆலை பிழைத்துப் பெருத்தது. சுதேசி முதலாளி கட்டிய ஆலையிலும் தொழிலாளி தொழிலாளிதான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ரொட்டிக் கணக்கு

1952-ஐ வேகமாகத் தாண்டலாம். ஜனவரி 25-ல் இஸ்மாயிலியாவில் பிரிட்டிஷ் படை சுமார் 50 எகிப்தியக் காவலர்களைக் கொன்றது, மறுநாள் கெய்ரோ எரிந்தது, ஜூலை 23-ல் இளம் அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். இதில் பலர் விட்டுவிடுகிற ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். புரட்சி அரசு வந்து மூன்று வாரத்தில் கஃப்ர் அல்-தவ்வார் நூற்பாலையில் வேலைநிறுத்தம். புதிய அரசு எங்கள் பக்கம் என்று நம்பிய தொழிலாளர்கள் அவர்கள். முஸ்தஃபா கமீஸ், முகமது அல்-பக்ரி என்ற இருவரையும் ராணுவ நீதிமன்றம் விசாரித்து, செப்டம்பர் 7-ல் தூக்கிலிட்டது. 1957-ல் எல்லாச் சங்கங்களையும் ஒரே அரசுக் கூட்டமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தத்தைச் சட்டம் பின்னாளில் ஒப்பியபோதும் அந்தக் கூட்டமைப்பே அனுமதி தர வேண்டியிருந்தது. அனுமதி அநேகமாக வந்ததில்லை.

அந்த இளம் அதிகாரிகளில் ஒருவராக இருந்து அதிபரான நாசர் கொடுத்தது ஒரு பேரம்: சங்கம் கேட்காதே, அரசியல் கேட்காதே, நிலையான வேலை, மலிவான ரொட்டி, இலவசப் படிப்பு தருகிறேன். பேரத்தை முதலில் முறித்தவர் அவருக்குப் பின் அதிபரான சதாத். 1977 ஜனவரி 17-ல் மாவு, அரிசி, எண்ணெய், சர்க்கரை, சமையல் எரிவாயு என்று பல பொருள்களின் மானியத்தைக் குறைத்தார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் நெருக்குதல். 18, 19 இரண்டு நாளும் அலெக்சாந்திரியா முதல் அஸ்வான் வரை கலவரம், எழுபதுக்கு மேற்பட்டோர் சாவு. 1973 போரில் கால்வாயைக் கடந்த பெருமையில் இருந்த சதாத்தைப் பார்த்து, ‘கால்வாய் கடந்த வீரனே, காலைச் சாப்பாடு எங்கே?’ என்று கத்தினார்கள். அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது.

அன்றைக்குக் கற்ற பாடத்தை எகிப்து அரசாங்கங்கள் மறக்கவேயில்லை. ரொட்டி விலையை மெதுவாகத்தான் தொட வேண்டும், எடையைத் தொடலாம். மானிய ரொட்டி 1980-களின் கடைசியில் 5 பியாஸ்தர் ஆனது, அதாவது ஒரு பவுண்டில் இருபதில் ஒரு பங்கு. முப்பது வருஷத்துக்கு மேல் அதே விலை. எடைதான் 130 கிராமிலிருந்து 110, 2020-ல் 90 என்று தேய்ந்தது.

ஓட்டை எங்கே என்றால், அடுமனைக்காரருக்கு மாவை மானிய விலையில் கொடுத்ததில். சந்தை விலைக்கும் மானிய விலைக்கும் வித்தியாசம் பெருகப் பெருக, சுடுவதைவிட மாவாகவே விற்பது லாபம். ரேஷன் அரிசி புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008-ல் உலகக் கோதுமை விலை ஏறியதும் மாவு கசிந்து, ரொட்டி வரிசைகள் நீண்டு, வரிசைச் சண்டையில் ஆட்கள் செத்தார்கள். முபாரக் ராணுவ அடுமனைகளை ரொட்டி சுடச் சொன்னார். 2014-க்குப் பிறகு முறையை மாற்றினார்கள்: அடுமனைக்காரர் மாவைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும், அட்டையில் பதிவான ஒவ்வொரு ரொட்டிக்கும் அரசு வித்தியாசத்தைத் தரும், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து ரொட்டி. கசிவு குறைந்தது. உலகிலேயே அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று என்ற பலவீனம் அப்படியே இருக்கிறது. 2010 ஆகஸ்டில் ரஷ்யா வறட்சியால் ஏற்றுமதியை நிறுத்தியதும், ஐந்தாவது மாதத்தில் எகிப்து வெடித்ததும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அது மட்டுமே காரணம் என்பதும் சரியில்லை.

ஆலையில் எடுத்த ஒத்திகை

2006-ல் பொதுத்துறை ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுப் போனஸ் 100 பவுண்டிலிருந்து இரண்டு மாதச் சம்பளமாக உயரும் என்று பிரதமர் உத்தரவு சொன்னது. டிசம்பரில் மஹல்லாவில் கைக்கு வந்தது பழைய தொகை. முதலில் சம்பளத்தையே வாங்க மறுத்தார்கள். டிசம்பர் 7 காலையில் தையல் பிரிவுப் பெண்கள் இயந்திரங்களை விட்டு எழுந்து, ‘ஆம்பிளைகள் எங்கே? பெண்கள் இங்கே!’ என்று கத்திக்கொண்டே நூற்பு, நெசவுப் பிரிவுகளுக்கு நடந்தார்கள். 24,000 பேர் வேலை செய்த ஆலை நின்றது. வெளியே போகாமல் உள்ளேயே இரவு தங்கினார்கள். வெளியே போயிருந்தால் வாசலை அடைத்திருப்பார்கள், ஆலையைத் திரும்பப் பிடிக்க முடியாது. நாலாவது நாளில் 45 நாள் போனஸுக்கு அரசு ஒப்பியது.

இது பரவியது. 2007 டிசம்பரில் சொத்து வரி வசூலிக்கும் அரசு ஊழியர்கள், அவர்களைப் போராளிகள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், கெய்ரோவில் அமைச்சரவை அலுவலகத்துக்கு முன்னால் தெருவிலேயே 11 நாள் உட்கார்ந்தார்கள். கம்பளி, உணவு, முறைவைத்துத் தூங்குவது எல்லாம் ஏற்பாடு. சம்பள உயர்வு வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பின்னர் 1957-க்குப் பிறகான முதல் சுதந்திரச் சங்கத்தையும் பதிவு செய்தார்கள். தலைநகரின் நடுத்தெருவில் தங்கிப் போராடி ஜெயிக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்களே.

2008 ஏப்ரல் 6-ல் மஹல்லாவில் மறுபடி வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. கெய்ரோவின் இளைஞர்கள் அதற்கு ஆதரவாக ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார்கள்; ஏப்ரல் 6 இயக்கத்தின் பெயர் இந்தத் தேதியிலிருந்து வந்தது. ஆலைக்குள் காவல்துறை முன்கூட்டியே புகுந்து வேலைநிறுத்தத்தை உடைத்துவிட்டது. ஆனால் மதியம் முறை மாறும் நேரத்தில் ஊர் மக்கள் சதுக்கத்தில் திரண்டார்கள், இரண்டு நாள் சண்டை, முபாரக்கின் பெரிய பதாகையைக் கிழித்து மிதித்தார்கள். அதற்கு முன் அதைச் செய்யத் துணிந்தவர்கள் அபூர்வம்.

பதினெட்டு நாள்

2010 ஜூனில் அலெக்சாந்திரியாவில் காலித் சயீது என்ற இளைஞரைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். நவம்பரில் தேர்தல் மோசடி. 2011 ஜனவரி 14-ல் துனீசிய அதிபர் ஓடினார். முபாரக்குக்கு எதிரான போராட்டத்துக்கு ஜனவரி 25-ஐத் தேர்ந்தது காரணத்தோடுதான்: இஸ்மாயிலியாக் காவலர்களின் நினைவாக அது காவலர் தினம், அரசு விடுமுறை.

அன்றைக்கு 20 இடங்களில் கூடுவோம் என்று இணையத்தில் அறிவித்தார்கள். 21-வது இடத்தை அறிவிக்கவில்லை. அது பூலாக் அல்-தக்ரூர், நெருக்கமான ஏழைப் பகுதி. ஒரு மிட்டாய்க் கடை அருகே கூடினார்கள். காவல்துறை இருபது இடத்திலும் நின்றது. இந்தக் கூட்டம் சந்துகளில் நடந்து ஆள் சேர்த்து, அகலச் சாலைக்கு வரும்போது ஆயிரக்கணக்கில் இருந்தது. சந்துகளில் முழக்கமும் வேறு. முபாரக் பெயரை எடுக்காமல், ‘அவர்கள் புறாவும் கோழியும் தின்கிறார்கள், நமக்கு எந்நாளும் மொச்சை’ என்றார்கள். சன்னலில் நின்று பார்ப்பவன் இறங்கி வருவது அந்த முழக்கத்துக்குத்தான்.

28-ம் தேதி வெள்ளிக்கிழமை. நள்ளிரவு கடந்ததும் இணையத்தை நிறுத்தினார்கள், காலையில் கைப்பேசியும் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் நம் மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்திய அனுபவம் இங்கே இருப்பவர்களுக்கு உண்டு. வீட்டில் இருப்பவனுக்குப் பதற்றம்தான் கூடும். கெய்ரோவில் பதற்றம் ஆட்களை வெளியே தள்ளியது. எங்கே எத்தனை மணிக்குக் கூடுவது என்று சொல்லத் தொலைபேசி தேவைப்படவுமில்லை, அது ஜும்மா நாள். தொழுகை முடிந்து ஒவ்வொரு பள்ளிவாசலிலிருந்தும் கூட்டம் கிளம்பியது. கஸ்ர் அல்-நீல் பாலத்தில் மணிக்கணக்கில் மோதல். கண்ணீர்ப் புகைக்கு வினிகர், வெங்காயம், கோலா என்று கொண்டுபோனார்கள்; மருத்துவர்கள் ஒப்புவது சுத்தத் தண்ணீரில் கண் கழுவுவதை மட்டும். மாலைக்குள் காவல்துறை நகரை விட்டே மறைந்தது, ஆளுங்கட்சித் தலைமையகம் எரிந்தது, ராணுவ டாங்கிகள் வந்தன. தெருத் தெருவாகக் காவல் குழுக்கள் கம்பும் சமையல் கத்தியுமாக நின்றன.

பிப்ரவரி 2-ல் ஒட்டகத்திலும் குதிரையிலும் அடியாட்களை விட்டார்கள். சதுக்கத்துக்காரர்கள் நடைபாதைக் கல்லைப் பெயர்த்து, கட்டுமானத் தகரங்களைத் தடுப்பாக நிறுத்தி, மறுநாள் விடியும்வரை தாக்குப் பிடித்தார்கள். ராணுவம் வேடிக்கை பார்த்தது.

அதன் பிறகு ஒரு வாரம் தேக்கம். முபாரக் காத்திருந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டார், அது அப்படியொன்றும் தப்புக் கணக்கில்லை. கணக்கைக் கெடுத்தது பிப்ரவரி 8 முதல் வந்த வேலைநிறுத்த அலை: சூயஸ் கால்வாயின் துணை நிறுவனத் தொழிலாளர்கள், கெய்ரோ பேருந்து ஊழியர்கள், மஹல்லா ஆலை. கால்வாய் போக்குவரத்தே நிற்குமோ என்ற பயம் தளபதிகளுக்கு வந்தது. 11-ம் தேதி முபாரக் போனார். விசாரணைக் குழுக் கணக்கில் குறைந்தது 846 பேர் இறந்திருந்தார்கள்.

பிறகு தப்பியது எங்கே

ஆட்சி ராணுவக் குழுவின் கைக்குப் போனது. அடுத்த மாதமே வேலைநிறுத்தங்களைக் குற்றமாக்கும் ஆணை தயாரானது. ஆகஸ்டுக்குள் கிட்டத்தட்ட 12,000 பொதுமக்கள் ராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டார்கள். தன்னை ஏற்றிய அலையிலேயே ஆலைத் தொழிலாளர்களை முதலில் ஒடுக்குகிற 1952-ன் பழக்கம்.

2012 மே மாத அதிபர் தேர்தலின் முதல் சுற்று எண்களைப் பாருங்கள். முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் மோர்சி 24.8 சதவீதம், முபாரக்கின் கடைசிப் பிரதமர் ஷஃபீக் 23.7, இடதுசாரி ஹம்தீன் சபாஹி 20.7, சகோதரத்துவத்திலிருந்து பிரிந்த அபுல் ஃபுதூஹ் 17.5. கடைசி இருவரும் சேர்ந்தால் 38-க்கு மேல், முதல் இடம். சேரவில்லை. இரண்டாம் சுற்றில் மக்களுக்கு மிஞ்சியது சகோதரத்துவமா, பழைய ஆட்சியா என்ற தேர்வு. மோர்சி 51.7 சதவீதத்தில் வென்றார். நவம்பர் 22-ல் தன் ஆணைகளை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று அறிவித்து, பாதி ஆதரவையும் இழந்தார். 2013-ல் தமர்ருத் இயக்கம் அவரை விலகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. 1918-ன் அதே உத்தி. இந்தமுறை கையெழுத்துகள் போய்ச் சேர்ந்த இடம் ராணுவத் தலைமையகம். ஜூலை 3-ல் ராணுவத் தலைவர் சிசி ஆட்சியை எடுத்தார். ஆகஸ்ட் 14-ல் மோர்சி ஆதரவாளர்கள் கூடியிருந்த ராபா சதுக்கத்தில் ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. நவம்பரில் போராட்டத் தடைச் சட்டம். சதுக்கங்களில் கூடுவது அத்தோடு முடிந்தது.

ஆலையில் அப்படி முடியவில்லை. 2024 பிப்ரவரியில் மஹல்லாவில் மறுபடி வேலைநிறுத்தம் நடந்தது, முன்வரிசையில் பெண் தொழிலாளர்களே இருந்தார்கள். கோரிக்கை, அரசு அறிவித்த குறைந்தபட்சச் சம்பளமான 6,000 பவுண்டு தங்களுக்கும் வேண்டும் என்பது. சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சம்பளத்தையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஜூன் 1-ல், ரொட்டி விலை 5 பியாஸ்தரிலிருந்து 20 ஆனது.